கோடு கச்சேரி ஏறாதவர்களும் காட்டவேண்டிய காகிதம்

"கோடு கச்சேரி ஏறாத குடும்பம்." ஊரில் எமது பெரியோர் ஒரு குடும்பத்தின் மானத்தை அளப்பதற்கு வைத்திருந்த அளவுகோல்களில் இதுவும் ஒன்று. கலியாணப் பேச்சில் இதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் விசாரிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. பொலிஸ் நிலையப் படி ஏறியவர் குற்றம் செய்தவரா, முறைப்பாடு கொடுக்கப் போனவரா, சாட்சி சொல்லப் போனவரா என்று எவரும் பகுத்துப் பார்த்ததில்லை. ஏறியதே இழுக்கு என்று எண்ணப்பட்டது.

பின்னர் போர் வந்தது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றம் எதுவும் சுமத்தாமலே ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க இடமளித்தது. (2022 இல் செய்யப்பட்ட திருத்தம் இக்காலத்தை 12 மாதங்களாகக் குறைத்தது.) சுற்றிவளைப்புகளிலும், கொழும்பு லொட்ஜ்களிலும், வீதிச் சோதனைகளிலும் பிடிக்கப்பட்டுப் பெயர் எழுதப்பட்ட இளைஞர்கள் எத்தனையோ பேர். கோடு ஏறாத குடும்பங்கள் எல்லாம் பிள்ளையைத் தேடிப் பொலிஸ் நிலைய வாசலில் நின்றன. ஆயினும் அந்தப் பழைய அளவுகோல் மட்டும் எமது மனங்களை விட்டுப் போகவில்லை. அதையும் பெட்டியோடு கட்டிக்கொண்டே கனடாவுக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கே நிலைமை வேறு. ஒருநாளும் நீதிமன்றப் படி ஏறாதவரும் வேலைக்குப் போவதற்குப் பொலிசாரிடமிருந்து ஒரு காகிதம் பெற்றுக் காட்டவேண்டியிருக்கிறது. முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ. வேலை, பாடசாலை பஸ் ஓட்டும் வேலை, குழந்தைகள் பராமரிப்பு, ஆசிரியத் தொழில், தாதித் தொழில், காவலாளி வேலை, விமான நிலைய வேலை என்று எமது மக்கள் பெருமளவில் நாடும் தொழில்களில் பல இக்காகிதத்தைக் கேட்கின்றன. "பொலிஸ் கிளியறன்ஸ்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அக்காகிதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அதை யார் முதலில் பார்ப்பார் என்பவை எமக்குத் தெரிவதில்லை. குற்றப்பதிவு இருப்பதால் வேலை இழப்பவர்கள் ஒருபுறம். பதிவே இல்லாமல், பயத்தினாலும் அறியாமையினாலும் வேலையைக் கைவிடுபவர்கள் மறுபுறம். இவ்விரு சாராரையும் மனதிற் கொண்டே இதை எழுதுகின்றோம்.

லாச்சிக்குள் கிடந்த கடிதம்

றிச்மண்ட் ஹில்லில் வசிக்கும் ஒரு குடும்பத்தலைவரை நாம் அறிவோம். ஐம்பது வயதைக் கடந்தவர். பல ஆண்டுகள் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டதும், பாடசாலை பஸ் ஓட்டப் பழகி, அதற்குரிய சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பெற்றுக்கொண்டார். ஒரு பஸ் கொம்பனி அவரை எடுப்பதாகவும் கூறியது. செப்ரெம்பரில் பாடசாலை தொடங்கும்போது வேலை. பொலிஸ் கிளியறன்ஸ் ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தது. மகள் கணினியில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

சில நாட்களில் பதில் வந்தது. "கைவிரல் அடையாளம் கொடுப்பதற்கு நேரில் வரவும்" என்று அதில் எழுதியிருந்தது.

அதை வாசித்தவர் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். மறுநாள் பஸ் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, தமக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று பொய் சொன்னார். இரவில் பொதி விநியோகிக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

காரணம் இதுதான். 1996 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது, நள்ளிரவில் வந்த பொலிசார் அங்கிருந்த தமிழ் இளைஞர் அனைவரையும் ஏற்றிச் சென்றனர். இவரும் சில நாட்கள் உள்ளே இருந்தார். வெளியே விடும்போது விரல்களில் மை பூசி ஒரு பெரிய புத்தகத்தில் பதித்தார்கள். குற்றச்சாட்டு இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் அந்த மையை அவர் மறக்கவில்லை. அந்தப் புத்தகம் கடல் கடந்து இங்கேயும் வந்துவிட்டது என்றே அவர் முடிவு செய்தார்.

கடிதத்தை மனைவி கண்டெடுத்தபோது இரண்டு மாதங்கள் கழிந்திருந்தன. மனைவிக்கு வேறு விதமான சந்தேகம். அந்த வீட்டில் ஒரு மாதம் சரியாகச் சமைக்கவில்லை, பேசவில்லை. கடைசியில், பேவியூ வீதிப் பிள்ளையார் கோவில் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து, விடயமறிந்த ஓர் உறவினரிடம் அழுது கேட்ட பின்னரே உண்மை புரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். சிறுவர், முதியோர் போன்றோருடன் வேலை செய்ய விண்ணப்பிப்பவர்களுக்குச் செய்யும் சோதனையில், முன்னர் பாலியற் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் மன்னிப்புப் பெற்றவர்களின் பதிவுகளும் பார்க்கப்படுகின்றன. 2000 ஆம் ஆண்டில் குற்றப் பதிவுகள் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழி செய்தது. அப்படிப்பட்டவர்களில் ஒருவர் பெயரை மாற்றியிருக்கக்கூடும் என்பதால் பெயரைக் கொண்டு தேடுவதில்லை. ஆணா பெண்ணா என்பதையும் பிறந்த திகதியையும் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். இரண்டும் பொருந்தினால், "இவர் அவரல்லர்" என்று உறுதி செய்யக் கைவிரல் அடையாளம் கேட்கப்படும். அதாவது, முன்பின் தெரியாத எவனோ ஒருவன் பிறந்த அதே நாளில் இவரும் பிறந்திருந்தார். இவர் செய்த "குற்றம்" அது ஒன்றே.

கனடியப் பொலிஸ் சோதனை, இங்குள்ள பதிவுகளையே பார்க்கிறது. இலங்கைப் பொலிசாரின் புத்தகத்தை அது புரட்டிப் பார்ப்பதில்லை. (குடிவரவுத் திணைக்களம் செய்யும் பாதுகாப்பு விசாரணை வேறு. அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.) அவர் போய்க் கைவிரல் அடையாளம் கொடுத்தார். சில வாரங்களில், "பதிவு எதுவும் இல்லை" என்ற காகிதம் வீட்டுக்கு வந்தது. ஆனால் செப்ரெம்பர் போய்விட்டது. பஸ்ஸில் அவருக்கு ஒதுக்கப்பட்ட ஆசனத்தில் வேறொருவர் இருந்தார்.

மூன்று வகைச் சோதனைகள்

பழைய காலத்தில் ஒன்ராறியோவில் இதற்கு ஒரே சீரான விதி இருக்கவில்லை. ஒவ்வொரு பொலிஸ் சேவையும் தனக்குச் சரியென்று பட்டதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது. நீதிமன்றத்தில் கைவிடப்பட்ட குற்றச்சாட்டு, மனநோயினால் துன்பப்பட்ட ஒருவருக்காகப் பொலிசார் அழைக்கப்பட்ட சம்பவம் போன்றவை கூடச் சில இடங்களில் வெளியாகின. குற்றவாளியென்று எந்த நீதிபதியும் கூறாத மனிதர்கள் வேலையையும் படிப்பையும் இழந்தனர். கனடியக் குடியியல் சுதந்திரச் சங்கம் இதனை ஆராய்ந்து 2012 இலும் 2014 இலும் அறிக்கைகள் வெளியிட்டது. பத்திரிகைகளும் எழுதின. இதன் பயனாக, பாகிஸ்தானிலிருந்து இங்கு குடிபெயர்ந்தவரான அமைச்சர் யாசிர் நக்வி கொண்டுவந்த மசோதா 2015 டிசெம்பரில் ஒன்ராறியோ சட்டசபையில் நிறைவேறியது. பொலிஸ் பதிவுச் சோதனைச் சீர்திருத்தச் சட்டம் எனப்படும் இச்சட்டம் 2018 நவம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின்படி சோதனைகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, குற்றப் பதிவுச் சோதனை. குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவை மட்டும் இதில் வரும். நிலுவையில் உள்ள வழக்கு இதில் வராது.

இரண்டாவது, குற்றப் பதிவு மற்றும் நீதிமன்ற விடயச் சோதனை. இதில் நிலுவையில் உள்ள குற்றச்சாட்டுகள், சில நீதிமன்றக் கட்டளைகள், அண்மையில் வழங்கப்பட்ட விடுவிப்புகள் என்பனவும் சேரும்.

மூன்றாவது, சிறுவர், முதியோர், வலுவிழந்தோர் முதலியோருடன் வேலை செய்பவர்களுக்கானது. "வல்னறபிள் செக்ரர்" என்று எம்மவர் சொல்வது இதனைத்தான். மேலே நாம் கூறிய பஸ் சாரதியிடம் கேட்கப்பட்டதும் இதுவே. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு வெளிவரக்கூடிய ஒரே சோதனை இது. அதுவும் மிக அரிதாகவே. பாதிக்கப்பட்டதாகக் கூறப்பட்டவர் ஒரு சிறுவராகவோ வலுவிழந்தவராகவோ இருக்கவேண்டும். குற்றம் சட்டத்தில் குறிக்கப்பட்ட வகையைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். அத்தகையோரைத் தேடித் தீங்கு செய்யும் போக்கு அவரிடம் உண்டென்று நம்ப நியாயமான காரணமும் இருக்கவேண்டும். அப்படி வெளியிட்டாலும் அதை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. சோதனையின் முடிவு முதலில் உங்கள் கைக்கே வரவேண்டும். அதை நீங்கள் வாசித்துப் பார்த்து, எழுத்தில் சம்மதம் கொடுத்த பின்னரே பொலிசார் அதை வேலை தருபவருக்குக் கொடுக்கலாம். பிழையிருந்தால் திருத்தும்படி கேட்கலாம். இந்த வேலைக்காக இதைக் காட்டுவதில்லை என்று தீர்மானிக்கவும் உங்களால் முடியும். எமது மக்களில் பலர் இதை அறியாமல், எந்தப் பத்திரத்தை நீட்டினாலும் கையொப்பமிட்டு விடுகின்றனர்.

பிடிபட்டவர் வேறு, தீர்க்கப்பட்டவர் வேறு

ஊரில் நாம் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட பல விடயங்களை இங்குள்ள சட்டம் தனித்தனியே வைத்திருக்கிறது. கைது செய்யப்படுதல் ஒன்று. குற்றம் சுமத்தப்படுதல் இன்னொன்று. குற்றவாளியெனத் தீர்க்கப்படுதல் மூன்றாவது. விண்ணப்பப் பத்திரத்தில் இம்மூன்றில் எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை நிதானமாக வாசிக்கவேண்டும். "குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு, ஊரில் ஒருநாள் பிடித்து வைத்துவிட்டு விட்டார்களே என்று எண்ணி "ஆம்" என்று எழுதவேண்டியதில்லை.

நீதிமன்றம் ஒருவரின் குற்றத்தை ஏற்றுக்கொண்டும் தண்டிக்காமல் விடுவிப்பதுண்டு. முழு விடுவிப்பு, நிபந்தனையுடனான விடுவிப்பு என இது இருவகைப்படும். குற்றவியற் கோவையின்படி இவ்விதம் விடுவிக்கப்பட்டவர் தண்டனைத் தீர்ப்புப் பெற்றவராகக் கருதப்படமாட்டார். முழு விடுவிப்பு ஓராண்டின் பின்னரும், நிபந்தனையுடனான விடுவிப்பு மூன்றாண்டுகளின் பின்னரும் சோதனைக் காகிதத்தில் வரலாகாது. சிறு குற்ற நடைமுறையில் விசாரிக்கப்படும் "சமறி" வகைத் தீர்ப்பும் ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் பொதுவாக இக்காகிதத்தில் இடம்பெறாது.

வீதியில் வேகமாக ஓடியதற்கும், சிவப்பு விளக்கில் நிறுத்தாததற்கும் கிடைக்கும் ரிக்கற் மாகாணச் சட்டத்தின் கீழ் வருவது. அது குற்றப்பதிவு அல்ல. மது அருந்தி வாகனம் ஓட்டுவது அப்படியல்ல. அது முழுமையான குற்றவியற் குற்றம். இதை ஒரு "றாபிக் கேஸ்" என்று எண்ணுவோர் எம்மிடையே இன்னும் உள்ளனர். 2018 டிசெம்பரிலிருந்து இக்குற்றத்துக்கான அதிகூடிய தண்டனை 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டிருக்கிறது. இதனால், குடியுரிமை பெறாமல் நிரந்தர வதிவிட உரிமையுடன் மட்டும் இருப்பவர்களுக்கு இது பாரதூரமான குற்றமாகி, நாட்டில் இருப்பதற்கே ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

"முடித்துவிட்டால் போதும்"

யோர்க் பிராந்தியத்தில் குற்றம் சுமத்தப்படுபவர்களின் வழக்குகள் நியூமார்க்கட் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. அங்கு முதன்முறை போய் நிற்கும் எமது மனிதர் ஒருவரின் மனநிலையை நாம் எல்லோரும் அறிவோம். வேலைக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தெரிந்தவர் எவரேனும் கண்டுவிடுவாரோ என்ற வெட்கம். மொழி அரைகுறை. "குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும், சிறு தண்டப்பணம்தான்" என்று யாரோ சொல்கிறார்கள். "முடித்துவிட்டால் போதும்" என்று தலையாட்டி விடுகிறார்.

அன்று முடிவது வழக்கு மட்டுமே. பதிவு அன்றுதான் தொடங்குகிறது. கடையில் ஒரு சிறு பொருள் எடுத்ததற்காக ஒப்புக்கொண்ட குற்றம், பின்னாளில் முதியோர் இல்லத்தின் மேசையில் அவர் முன்னால் வந்து நிற்கும். முதற்தடவையாகச் செய்யப்பட்ட சிறு குற்றங்களில், பொறுப்பேற்று, ஆலோசனை வகுப்புக்குப் போய் அல்லது சமூகப் பணி செய்து, வழக்கே விலக்கிக்கொள்ளப்படும் வழிகளும் உண்டு. அவ்வழி தமக்குத் திறந்திருக்கிறதா என்பதைக் கேட்டு அறியாமல் எவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாகாது. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களுக்காக நீதிமன்றத்திலேயே சட்ட உதவி அமைப்பின் கடமைச் சட்டத்தரணிகள் இருக்கின்றனர். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் உங்கள் உரிமை.

குடும்பத் தகராறுகளைப் பற்றியும் இங்கு கூறியாகவேண்டும். கணவன் மனைவிக்கிடையே கைகலப்பு நிகழ்ந்து பொலிஸ் வந்தால், குற்றம் நடந்ததென்று நம்பக் காரணம் இருக்குமிடத்துக் குற்றம் சுமத்துவதே ஒன்ராறியோப் பொலிசாரின் கடமை. மறுநாள் மனைவி, "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றாலும் வழக்கை நிறுத்தும் அதிகாரம் அவருக்கில்லை. அது அரச சட்டத்தரணியின் கையில் உள்ளது. இது பெண்களைப் பாதுகாக்கவே ஏற்பட்டது. அடிக்கும் கையை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தமாட்டோம். கோபத்தில் ஓங்கிய கை, மனைவியை வருத்துவதோடு பிள்ளைகளின் சோற்றிலும் விழுகிறது என்பதை ஆண்கள் உணரவேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கின்றோம்.

மன்னிப்பின் விலை

தண்டனை பெற்றவர் ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கவேண்டுமா? வேண்டியதில்லை என்று கனடா 1970 ஆம் ஆண்டிலேயே குற்றப் பதிவுகள் சட்டத்தின் மூலம் கூறியது. தண்டனையை முடித்து, ஒழுங்காக வாழ்ந்து காட்டியவர் "பார்டன்" எனும் மன்னிப்பைப் பெறலாம் என்றாயிற்று. அயல் நாடுகளும் இதே நியாயத்தை ஏற்றன. இலண்டனில் எமது உறவினர் வாழும் நாட்டில், 1974 ஆம் ஆண்டின் சட்டப்படி, பல தண்டனைகள் குறித்த காலம் கழிந்ததும் தாமாகவே "செலவழிந்தவை" ஆகிவிடுகின்றன. பெரும்பாலான வேலைகளுக்கு அவற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கனடாவில் தானாக நடப்பதில்லை. விண்ணப்பிக்கவேண்டும்.

அவ்விண்ணப்பத்தின் விலையும் காலத்துக்குக் காலம் மாறியது. 50 டொலராக இருந்த கட்டணம் 2010 முடிவில் 150 டொலராகி, 2012 இல் 631 டொலராகியது. அதே ஆண்டு மன்னிப்பு என்ற சொல்லும் நீக்கப்பட்டு, "பதிவு இடைநிறுத்தம்" என்று பெயர் சூட்டப்பட்டது. காத்திருக்கும் காலமும் நீண்டது. சமறி வகைக்கு 5 ஆண்டுகள், பெருங் குற்றங்களுக்கு 10 ஆண்டுகள் என்றாயிற்று. 2012 மார்ச்சுக்கு முந்திய குற்றங்களுக்கு இதைவிடக் குறுகிய காலம் பொருந்தக்கூடும். தண்டனை பெற்றதால் வேலை இல்லை. வேலை இல்லாததால் மன்னிப்புக் கட்டணம் கட்டப் பணமில்லை என்று ஏழைகள் சுழன்று கொண்டிருந்தனர். 2022 ஜனவரி 1 ஆம் திகதி கட்டணம் மீண்டும் 50 டொலராகக் குறைக்கப்பட்டது. இது பலருக்கு இன்னும் தெரியாது. "அறுநூறு டொலர் எங்கே போவது" என்று அன்று கைவிட்டவர்கள் இன்று மீண்டும் முயலவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். காத்திருக்கும் காலம் தண்டனை முழுவதும் நிறைவேறிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். கட்டாமல் விட்ட சிறு தண்டப்பணமும் அந்தக் கணக்கைத் தொடங்கவிடாது. ஆகவே முதலில் நீதிமன்றத்தில் மிச்சம் ஏதேனும் உண்டா என்று விசாரியுங்கள். இரண்டாவது, விண்ணப்பப் பத்திரங்களை கனடியப் பறோல் சபை இலவசமாகவே தருகிறது. நீங்களே நிரப்பலாம். கைவிரல் அடையாளம், நீதிமன்ற ஆவணம், உள்ளூர்ப் பொலிஸ் சோதனை என்பவற்றுக்குச் செலவுண்டு. ஆனால் நூற்றுக்கணக்கில் பணம் வாங்கி "விரைவில் எடுத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்வோரால் சபையின் கதவை உங்களுக்கு முன் திறக்க முடியாது.

பார ஊர்தி ஓட்டும் அன்பர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். கனடா வழங்கும் மன்னிப்பை அமெரிக்க எல்லை அதிகாரிகள் ஏற்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். எல்லை கடக்கும் வேலையை நம்பியிருப்பவர் இதற்கெனத் தனியாக ஆலோசனை பெறவேண்டும்.

வேலை தருபவரின் கையும் கட்டப்பட்டுள்ளதா?

ஒரு பகுதிக்கு மட்டுமே கட்டப்பட்டுள்ளது. ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை, மன்னிப்புப் பெற்ற குற்றத்துக்காகவோ, மாகாணச் சட்டத்தின் கீழான தவறுக்காகவோ ஒருவரை வேலையில் ஒதுக்குவதைத் தடைசெய்கிறது. அந்த வேலைக்கே அது இன்றியமையாத் தகைமை என்று வேலை தருபவர் காட்டினாலன்றி அவர் அதைக் காரணமாக்க முடியாது. மீறப்பட்டால் ஓராண்டுக்குள் மனித உரிமைகள் தீர்ப்பாயத்திடம் முறையிடலாம். மனித உரிமைகள் சட்ட ஆதரவு நிலையம் இலவசமாக உதவுகிறது.

ஆனால் மன்னிப்புப் பெறாத தண்டனைக்கு இக்கோவையில் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றத்தில் விலக்கப்பட்ட குற்றச்சாட்டைப் பற்றியும் அதன் வரைவிலக்கணம் எதுவும் கூறவில்லை. இது ஒரு பெரிய ஓட்டை. களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலைக்கும் பொலிஸ் காகிதம் கேட்கும் பழக்கம் பரவிவரும் இந்நாளில், இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த தவறுக்கும் அடுக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எவருமில்லை. அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் 1998 இலேயே, வேலை தருவதாகக் கூறும்வரை தண்டனைப் பதிவைப் பற்றி விசாரிக்கலாகாது என்று சட்டம் செய்தது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. வாக்குரிமை உள்ளவர்கள் தமது சட்டசபை உறுப்பினரிடம் கேட்கவேண்டும்.

இதில் எம் போன்றோருக்குச் சுமை இரட்டிப்பு என்பதையும் மறைப்பதற்கில்லை. டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓர் ஆய்வு செய்து 2003 இல் வெளியிட்டார். ஒரே தகைமையுள்ள இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். தண்டனைப் பதிவு இல்லாத வெள்ளையரில் 100 க்கு 34 பேரும், பதிவு உண்டென்று சொன்ன வெள்ளையரில் 17 பேரும் மீண்டும் அழைக்கப்பட்டனர். பதிவு இல்லாத கறுப்பரில் 14 பேர். பதிவு உண்டென்று சொன்ன கறுப்பரில் 5 பேர் மட்டுமே. குற்றமே செய்யாத கறுப்பு இளைஞனைவிடச் சிறை சென்றுவந்த வெள்ளை இளைஞனுக்குக் கதவு அதிகம் திறந்தது. அது அமெரிக்கா, அவர்கள் கறுப்பர் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நிறமும் பெயரும் ஏற்கனவே எடைபோடப்படும் இடத்தில், எமது பிள்ளைகளின் காகிதம் சுத்தமாக இருப்பது மற்றவர்களைவிட எமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

செய்யவேண்டியவை

வேலை தருபவர் எந்த வகைச் சோதனையைக் கேட்கிறார் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். முதல் வகை போதுமான வேலைக்கு மூன்றாவது வகையைக் கொடுக்கவேண்டியதில்லை.

பெயரை எங்கும் ஒரே எழுத்தில் எழுதுங்கள். தந்தையின் பெயர் முன்னும் பின்னும் மாறுவதும், பாஸ்போட்டில் ஒரு விதமாகவும் சாரதிப் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருப்பதும் எமக்கே உரிய சிக்கல். முன்னர் பாவித்த பெயர்கள் அனைத்தையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

கைவிரல் அடையாளம் கேட்டால் அஞ்சவேண்டாம். உடனே போய்க் கொடுங்கள். முதியோர் இல்லங்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட சோதனையையே ஏற்கவேண்டும் என்பதால், படிப்பு முடியும் நேரத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள். தொண்டர் வேலைக்கான சோதனைக்கு 2022 ஏப்ரல் முதல் ஒன்ராறியோவிற் கட்டணமில்லை.

குற்றச்சாட்டு விலக்கப்பட்டிருந்தால், எடுத்த கைவிரல் அடையாளமும் படமும் தாமாக அழிக்கப்படும் என்று இருந்துவிடாதீர்கள். குற்றம் சுமத்திய பொலிஸ் சேவைக்கு எழுதிக் கேளுங்கள்.

கேட்ட கேள்விக்குப் பொய் எழுதாதீர்கள். பழைய தவறைப் பொறுத்துக்கொள்ளும் வேலை தருபவரும், பொய்யைக் கண்டபின் வைத்திருக்கமாட்டார். கேளாத கேள்விக்குப் பதிலும் எழுதாதீர்கள்.

ஒவ்வொருவரின் வழக்கும் வெவ்வேறு. நாம் இங்கு எழுதியது பொது அறிவுக்கே. உங்கள் விடயத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டித் தீர்மானியுங்கள்.

இறுதியாக

வன்னியில் போர் முடிந்தபின் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் முகாம்களில் வைத்திருந்து விடுவிக்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோரை எந்த நீதிமன்றமும் குற்றவாளியென்று கூறவில்லை. ஆயினும் ஊருக்குத் திரும்பியபின் வேலை கொடுக்க அஞ்சியவர்களில் எமது சொந்த மக்களும் இருந்தனர். "முகாமிலிருந்து வந்தவன்" என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அங்கே அவ்வாறு செய்த நாம், இங்கே எம்மை வேலைக்கு எடுக்கத் தயங்குபவரைக் குறை கூறுவதில் அரைப்பங்கு நியாயமே உண்டு. சொந்தமாகக் கடையும் தொழிலும் நடத்தும் தமிழர் இன்று எம்மிடையே பலர். தண்டனை முடித்து, தலை குனிந்து வேலை கேட்டு வரும் எமது பையனுக்கு முதற் கதவை அவர்கள் திறக்கவேண்டும்.

றிச்மண்ட் ஹில் அன்பர் அந்தச் செப்ரெம்பரை இழந்தார். நத்தார் விடுமுறைக்குப் பின் வேறொரு கொம்பனியில் அவருக்கு இடம் கிடைத்தது. இப்போது காலை ஆறு மணிக்கு மஞ்சள் பஸ்ஸோடு யங் வீதியில் இறங்குகிறார். பொலிஸ் காகிதத்தின் பிரதி ஒன்றை அதே லாச்சிக்குள் வைத்திருக்கிறார். ஆனால் இம்முறை அது எங்கே இருக்கிறதென்று மனைவிக்கும் மகளுக்கும் தெரியும்.

வீட்டில் சொல்லுங்கள் என்பதே நாம் வாசகர்களிடம் கேட்பது. வழக்கு வந்தாலும் சொல்லுங்கள், கடிதம் வந்தாலும் சொல்லுங்கள். கோடு கச்சேரி ஏறாததில் மட்டும் மானம் இல்லை. ஏறவேண்டி வந்தபோது ஒளிக்காமல், அறிந்தவரிடம் கேட்டு, நிமிர்ந்து இறங்கி வருவதும் மானந்தான்.